விடியக் குளிரில் ஸ்டார்ட் எடுக்காத டீசல் காருக்கு 168,500 ரூபா பறிகொடுத்தேன், பழைய கார் வைத்திருக்கிறவர்கள் படியுங்கள்

நேற்று விடியத்தான் உண்மை தெரிய வந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை, எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போல் இருக்கிறது. 168,500 ரூபா. கொடுத்ததற்கு ஒரு பில் துண்டுகூட என் கையில் இல்லை. கராஜின் பெயரைப் போட மாட்டேன், யாழ்ப்பாண நகரத்திலிருந்து கொஞ்சம் வெளியே, பழைய டீசல் வாகனம் மட்டும் பார்க்கிறோம் என்று போர்ட் போட்ட, நாலைந்து பொடியன்கள் வேலை செய்கிற இடம், அவ்வளவு போதும். என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன், கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1997 கொரோலா, சிஇ 110, 2சி டீசல் எஞ்சின். அப்பா வாங்கினது. அம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு விடிய ஆறு மணிக்கே கொண்டுபோக வேண்டும், அதற்கு இந்தக் கார்தான். கார்த்திகை மழை தொடங்கின பிறகு காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. திறப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கடகடவென்று உடம்பை உதறி ஒருவாறு பற்றும், பற்றினதும் முற்றம் முழுக்க வெள்ளைப் புகை, பச்சை டீசல் மணம், கண் எரியும். இரண்டு மூன்று நிமிடம் போனால் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்க, திறப்பைத் தொட்டாலே ஸ்டார்ட். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள், விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது, எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை.

கராஜுக்கு நான் போனது பகல் பதினொரு மணிக்கு, எஞ்சின் நல்ல சூடு. அங்கே ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. முதலாளி என்னைவிட இளம் ஆள், நல்ல மரியாதை. நான் காசைப் பற்றிக் கேட்டதும் "காசை விடுங்கோ அண்ணை, முதல் வருத்தம் என்னெண்டு பாப்பம்" என்றார். நீட்டு ஸ்குரூ ட்ரைவர் ஒன்றை எடுத்து நுனியை டீசல் பம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அதை என் காதிலும் வைத்தார். டக் டக் டக் என்று கேட்டது. "கேக்குதே? பம்ப் உள்ளுக்குத் தேஞ்சு போச்சு, நொசிலும் ஒழுகுது, அதுதான் வெள்ளைப் புகை." நொசில் என்றால் டீசலை எஞ்சினுக்குள் தூவுகிற முனை. எந்த டீசல் பம்பில் வைத்தாலும் அந்தச் சத்தம் கேட்கும் என்று நேற்றுத்தான் அறிந்தேன். அன்றைக்கு, காசு கேட்காத மனிதன், என் காதிலேயே கேட்க வைக்கிறான், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். அம்மாவுக்கு எப்படி என்றும் விசாரித்தார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

அடுத்த நாள் கதை மாறியது. பம்பைக் கழற்றிப் பம்ப் ரூமுக்கு, அதாவது டீசல் பம்ப் திருத்துகிற இடத்துக்கு, அனுப்ப வேண்டும், நொசில் நாலும் புதிது போட வேண்டும், கையில் 100,000 தாருங்கள் என்றார். கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து மிச்சம் 68,500, அதை வேறொரு பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார், போட்டேன். மொத்தம் 168,500. கார் எடுக்கும்போது ஒரு பையைக் கையில் தந்தார், உள்ளே கரி பிடித்த நாலு நொசில். "உங்கட பழசு, நாளைக்கு ஆரும் மாத்தேல்லை எண்டு சொல்லக் கூடாதே." நான் அந்தப் பையைப் பத்திரமாக வீட்டில் வைத்தேன்.

திரும்பி வரும்போது கார் உண்மையில் நன்றாக இழுத்தது. சந்தோஷப்பட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மிதிக்கும்போதெல்லாம் பின்னால் கறுப்புப் புகை, முன்பு இப்படி இருந்ததே இல்லை. சரி, புது வேலைதானே, அடங்கும் என்று விட்டேன். மறுநாள் விடிய? அதே இழுபறி, அதே வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். முதல் தரம் போன் எடுத்தபோது, புது நொசில் செற் ஆக 500 கிலோமீற்றர் ஓட வேண்டும் என்றார். ஓடினேன். இரண்டாம் தரம், டீசல் சரியில்லை, எந்த ஷெட்டில் அடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். மூன்றாம் தரம் பற்றரி வீக் என்றார், பற்றரியைக் கொண்டுபோய்ச் சோதித்தேன், நல்லாக இருந்தது. நாலாம் தரம் போன் அடித்துக்கொண்டே கிடந்தது. நேரே போனால் பொடியன் ஒருவன் "பாஸ் கொழும்புக்குப் போட்டார்" என்கிறான், உள்ளே அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது!

கடைசியில், லொறிகளில் முப்பது வருடம் வேலை செய்து இப்போது ஓய்வாக இருக்கிற ஒரு ஐயாவை மச்சான் கூட்டிவந்தார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, முதல் நாள் இரவிலிருந்து காரைத் தொடக் கூடாது, விடிய ஐந்தரைக்கு வருவேன் என்பது. வந்தார். முதலில் எஞ்சினில் கையை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். "தம்பி, காலமையில மட்டும்தானே வருத்தம்? சூடானாப் பிறகு ஒண்டும் இல்லைத்தானே? பிறகு பம்பை ஏன் குறை சொல்லுவான்?" சட்டைப் பையிலிருந்து இரண்டு வயர் பூட்டின ஒரு சின்ன பல்ப். குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்குச் சூடு கொடுக்கிற ஹீட்டர் பிளக் நாலையும் இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு வயரைப் பற்றரி பொசிற்றிவில் பிடித்து, மற்றதை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டார். முதலாவதில் பல்ப் எரிந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. நாலாவதிலும் இல்லை. பல்ப் எரியாவிட்டால் பிளக் செத்துவிட்டது, நாலில் மூன்று போய்விட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த எஞ்சினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாது, எஞ்சின் தலைக்குள் (ஹெட்) இருக்கிற சின்ன அறையில்தான் முதலில் பற்றும். இரும்பு குளிர்ந்திருந்தால் அமுக்கின காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடும், அதனால்தான் நம்முடைய ஊர்க் குளிருக்கே ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. பற்றாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே, பிளக் வேலை செய்கிறதுதானே என்று கேட்டேன். அது நேரக் கணக்கில் எரிந்து அணைகிற விளக்கு, பிளக் செத்தாலும் அது எரியும் என்றார். இத்தனை வருடம் அந்த விளக்கை நம்பியிருக்கிறேன்.

அப்புறம் டோர்ச்சை அடித்துப் பம்பைக் காட்டினார். பம்பைப் பூட்டின நட்டுகள், தலையின் போல்ட்டுகள், எல்லாவற்றிலும் பல வருட எண்ணெய் அழுக்கு தோல் போல ஒட்டிக் கிடக்கிறது, எங்கும் உடையவில்லை, அதாவது பம்பைக் கழற்றவே இல்லை. பின்பக்கம் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூ, அதன் நட் ஒன்றில் மட்டும் புது ஸ்பானர் தடம் பளபளவென்று. அதைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் டீசல் கூடப் பாயும், கார் இழுக்கும், பம்ப் செய்தாயிற்று என்று காரின் சொந்தக்காரன் நம்புவான். கறுப்புப் புகை வந்தது அதனால்தான். பையிலிருந்த நொசிலை எடுத்து மரை அளவு பார்த்தார், இந்தக் காருக்குப் பூட்டவே முடியாத சாமான், வேறு ஏதோ வாகனத்துடையது. காரில் இருந்தவை பழைய நொசில்கள்தான், மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

பிளக் நாலுக்கு 14,000, ஐயாவுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுத்தது 3,000. இன்று விடியச் சுருள் விளக்கு அணைந்ததும் திருப்பினேன், உடனே பற்றியது. 17,000 ரூபா வேலைக்கு 168,500 ரூபா.

நேற்றுப் பின்னேரம் பையோடு கராஜுக்குப் போனேன். "நீங்கள் வேற ஆளிட்டக் காட்டினனீங்கள்தானே அண்ணை, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வாகனத்தின் கீழே படுத்துவிட்டார். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அடித்துக் கேட்டேன், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், பில் இருக்கிறதா என்றார்கள். வங்கிக்குப் போட்ட 68,500க்குச் சீட்டு இருக்கிறது. கையில் கொடுத்த 100,000க்கு என்ன காட்டுவேன்?

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், மனம் நிற்கவில்லை, அவசரமாகச் சில. குளிர் ஸ்டார்ட் வருத்தத்தைச் சூடான எஞ்சினில் பார்க்கிறவனிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள், காரை இரவு விட்டுவிட்டு விடியப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஹீட்டர் பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே, பிறகு டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்று, அதற்குப் பிறகுதான் கொம்பிரஷன் (சிலிண்டர் காற்றை அமுக்குகிற பலம்), பம்ப். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு, ஹெட் அல்லது கஸ்கெட்டாக இருக்கலாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. பம்ப் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், கழற்ற முதல் போனில் படம் எடுங்கள். பில் இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். வேறு பெயர்க் கணக்கு என்றால் அந்த இடத்திலேயே திரும்பி வாருங்கள்.

இன்னும் எழுத இருக்கிறது, கறுப்புப் புகையை இறக்காமல் புகைப் பரிசோதனைக்குப் போக முடியாது, ஐயா அந்த ஸ்குரூவைப் பார்க்க வந்து வாசலில் நிற்கிறார்.