கல்யாண போட்டோ ஸ்டுடியோ: தனியாளா, கூட்டா, எல்எல்பியா?

நாலு சீசன் ஓடி ஓடிப் படமெடுத்து, கேட்டவர்களிடம் நம் பெயரைச் சொல்ல ஊரில் பத்து வீடு சேர்ந்த பிறகுதான் 'கம்பெனியாகப் பதியலாமா' என்ற யோசனையே வருகிறது. "பிரைவேட் லிமிடெட் போடு, கெத்தா இருக்கும்" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். ஆடிட்டர் ஃபீஸை அவர் கட்டப்போவதில்லை.

நீங்கள் தனியாள், உதவிக்குச் சீசனுக்கு மட்டும் ஆள் வருகிறார் என்றால் ப்ரொப்ரைட்டர்ஷிப் போதும். இதற்கென்று தனிப் பதிவு கிடையாது, உங்கள் பான் எண்தான் தொழிலுக்கும். கரன்ட் அக்கவுண்ட் திறக்க பேங்கில் அத்தாட்சி கேட்டால் உத்யம் சான்றிதழ் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) உதவும், அது இலவசம் (அதற்கும் காசு பிடுங்கும் இணையதளங்கள் உண்டு, உஷார்). சேவைத் தொழில் என்பதால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். முகூர்த்தப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் போய், அந்த வீட்டார் நஷ்டஈடு கேட்டால் உங்கள் வீடு, வண்டி வரைக்கும் வரலாம்.

இரண்டு பேர் என்றால்தான் சிக்கலே. நானும் நண்பனும் முத்திரைத்தாளில் பார்ட்னர்ஷிப் டீட் (கூட்டு ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிட்டோம். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபர்மை, அதாவது அந்தக் கூட்டுத் தொழிலை, பதிவது கட்டாயமில்லை என்பது உண்மைதான், ஆனால் பதியாத ஃபர்ம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆல்பத்தை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்துக்கு ஒரு வீட்டார் இழுத்தடித்தபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வியே "ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?" மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதாவது பதிந்துவிட்டு வாருங்கள் என்றார். அதற்குள் எங்களுக்குள்ளேயே பேச்சு நின்றிருந்தது. பதியாததால் டீடைக் காட்டி ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடவும் வழியில்லை, ஃபர்மைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப், 2008-இல் வந்த சட்டப்படி அமைவது. இதற்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கூட்டாளி இழுத்துவிடும் வம்பு உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாது, நீங்களே செய்த தவறுக்கு மட்டும் நீங்கள்தான் பொறுப்பு. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் படிவம் 8, படிவம் 11 இரண்டையும் தாக்கல் செய்தாக வேண்டும், மறந்தால் அபராதம். வரவு 40 லட்சத்துக்குள்ளும் போட்ட முதலீடு 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் இந்தச் சட்டப்படி ஆடிட் தேவையில்லை. லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, சாதா பார்ட்னர்ஷிப்புக்கும் அதேதான்.

பிரைவேட் லிமிடெட்டில் வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆடிட் உண்டு. வெளியாளின் முதலீட்டை வாங்கிப் பங்கு கொடுப்பதாக இருந்தால் அது சரி. கல்யாண ஸ்டுடியோவில் அப்படி முதலீடு போட்டவரை நான் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் தொடங்கக்கூடிய ஓபிசியிலும் (ஒன் பெர்சன் கம்பெனி) இதே ஆடிட்தான், கூடவே ஒரு நாமினி பெயரும் கொடுக்க வேண்டும். பேங்க் லோன் என்று போனால் பெரும்பாலும் உங்கள் சொந்த உத்தரவாதத்தையே கேட்பார்கள், அப்புறம் பொறுப்புக்கு வரம்பு என்று சொல்லும் அந்த 'லிமிடெட்' எங்கே நிற்கிறது?

என்னைக் கேட்டால் தனியாளுக்கு ப்ரொப்ரைட்டர்ஷிப், இரண்டு பேருக்கு எல்எல்பி, அந்தச் செலவு கட்டாது என்றால் பதிவு செய்த ஃபர்ம். எதுவானாலும் பிரிந்தால் ஸ்டுடியோ பெயர் யாருக்கு, ஹார்டு டிஸ்க் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குத்தான். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டையும் டீடில் சேர்க்கலாமா என்று சிரிக்காதீர்கள், எங்கள் பழைய பக்கம் இன்னமும் அந்த நண்பனிடம்தான் இருக்கிறது, நான் எடுத்த படங்களோடு.