பிளைண்ட்ஸ் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? ஜன்னலில் ரோலர் பிளைண்ட், அதாவது குழாயில் சுருண்டு ஏறும் துணித் திரை, மாட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய், அதை ஏற்றி இறக்கும் மணிச் சங்கிலி கீழே சுவரோடு ஒரு கிளிப்பில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சங்கிலி வளையமாகச் சும்மா தொங்கினால், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அதைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். நான் இழந்த பணம் போனால் போகட்டும். முக்கியமாக இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஹாலில் இருப்பது வெனீஷியன் பிளைண்ட், அலுமினியப் பட்டைகள் அடுக்கியது. படுக்கையறையில் வெளிச்சம் நுழையாத துணி போட்ட ரோலர். ஒரு நாள் ஹாலில் இருப்பது மக்கர் செய்ய ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும், கையை விட்டால் நிற்காமல் சரசரவென்று இறங்கிவிடும். ரோலரில் வேறு தொல்லை. சுற்றும்போது துணி கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் ஒதுங்கி, ஓரம் பிராக்கெட்டில் உரசிப் பிசிறு விட்டிருந்தது. சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம் என்று இந்த வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஸ்டூலில்கூட ஏறவில்லை. கீழே நின்றபடியே கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “மேடம், உள்ளே மெக்கானிசமே போயிடுச்சு. ஹெட் ரெயிலோட மாத்தணும். இந்த மாடல் இப்போ வர்றதில்ல, தேடித்தான் பிடிக்கணும்” என்றார். ஹெட் ரெயில் என்பது பட்டைகளுக்கு மேலே ஜன்னலின் அகலத்துக்கு இருக்கும் நீளமான உலோகப் பெட்டி. கயிறு, பூட்டு, பட்டையைத் திருப்பும் கம்பி எல்லாம் அதற்குள்தான். ரோலரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “குழாய் வளைஞ்சிருக்கு, அதையும் மாத்தணும்” என்றார். கேட்ட தொகை, இரண்டையும் புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் பாதிக்கு மேல். அதையும் முழுசாக முன்பணமாகக் கேட்டார். கொடுத்தேன். என்னென்ன மாற்றப்போகிறார் என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்கவில்லை.

ஒரு வாரம் என்று சொல்லி இரண்டையும் கழற்றி எடுத்துப்போனவர், திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இழுத்தடிப்பை விவரிக்கப் போவதில்லை. “நாளைக்கு மேடம்” என்ற பதிலை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஒரு சாயங்காலம் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். இரண்டும் ஏறின, இறங்கின. அப்பாடா என்றிருந்தது.

பத்து நாள் கழித்துத் தூசி தட்ட ஸ்டூலில் ஏறினேன். போன தடவை சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது ஹெட் ரெயிலின் இடது மூலையில் வெளிர்நீலத்தில் ஒரு துளி தெறித்திருந்தது. அப்போதே நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது. மீதி ஒரு அரிசி அளவுக்கு, பக்கத்தில் நகம் கீறிய கோட்டோடு அங்கேயே நின்றுவிட்டது. புது ஹெட் ரெயில் என்று நான் பணம் கொடுத்த அந்தச் சட்டத்தின் இடது மூலையில் அதே நீலத் துளி இருந்தது, அதே நகக் கீறலோடு.

ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் பிராக்கெட்டின் மூடியைத் திறந்து சட்டத்தைக் கீழே இறக்கி, தரையில் வைத்து உள்ளே பார்த்தேன். பூட்டு பழையது, திருப்பும் கம்பி பழையது, இரண்டிலும் பல வருடத் தூசி அப்படியே படிந்திருந்தது. மாற்றியது கயிறு மட்டும்.

உண்மையில் மாற்ற வேண்டியதும் கயிறு மட்டும்தான். அன்று எனக்கு அது தெரியாது. கயிறு வெளியே வரும் இடத்தில் சின்ன உருளையோடு ஒரு பூட்டு இருக்கும். நாம் கையை விட்டதும் அந்த உருளை கயிற்றை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பிளைண்ட் பாதி உயரத்தில் நிற்கிறது. தினமும் அதே இடத்தில் கடிபட்டுக் கடிபட்டு, கயிற்றின் மேல் பின்னல் நைந்து மெலிந்துபோகும். மெலிந்த கயிறு பூட்டில் பிடிபடாது. இரண்டு கயிற்றில் ஒன்று மட்டும் அறுந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஏறும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டும் சேர்ந்துதான். அதே தடிமனில் புதுக் கயிறு வாங்கி, கீழ்ப் பட்டையின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்றின் நுனியில் புதுக் கயிற்றின் நுனியை ஒட்டி மெதுவாக இழுத்தால் பழசு போன வழியிலேயே புதுசு போய்ச் சேரும். அறுந்த பக்கத்தில் மட்டும் கையால் கோக்க வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? அதுவும் இல்லை. பட்டைகளைத் தாங்கும் நூல் ஏணி ஒன்று முன்னும் பின்னுமாக ஓடும். பட்டைகளை ஏற்றி இறக்கும் கயிறு பட்டையின் துளை வழியாக இறங்கும்போது, அந்த ஏணியின் ஒரு படிக்கு இடப்பக்கம், அடுத்த படிக்கு வலப்பக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். அப்போதுதான் ஏணி நகராமல் நிற்கும். அவர் நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாப் படிக்கும் ஒரே பக்கமாக விட்டிருந்தார். அதனால்தான் மூடும்போதெல்லாம் பட்டைகள் பக்கவாட்டில் விலகிக் கோணலாக நின்றிருக்கின்றன. போதாததற்குப் பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். எண்ணெயில் தூசி சேர்ந்து, வெள்ளைக் கயிற்றில் பூட்டு கடிக்கும் இடமெல்லாம் கறுப்புக் கோடு. இந்தப் பாகங்களுக்கு எண்ணெய் ஆகாது. தேவைப்பட்டால், ஒட்டாமல் உலர்ந்துவிடும் சிலிக்கோன் ஸ்பிரே கொஞ்சமாகப் போதும்.

இனி ரோலர். குழாயைக் கழற்றித் தரையில் உருட்டிப் பார்த்தேன். துளி வளைவு இல்லை. பழைய குழாய்தான். துணி ஒரு பக்கம் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பிராக்கெட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாததுதான். மட்டம் சரியாக இருந்தும் ஓடினால், ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் குழாயின் மேல் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டினால் துணி நேராகச் சுற்றும். அவர் செய்ததும் அதுதான், ஒரே ஒரு துண்டு டேப். அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் பணம் கொடுத்தது குழாய்க்கு.

இவ்வளவையும் பணத்தோடு போயிற்று என்று விட்டிருப்பேன். விட முடியாதது அடுத்து நடந்ததுதான்.

என் மகளுக்கு இரண்டு வயது. சட்டத்தை இறக்கிப் பார்த்த அதே வாரம், மதியம் படுக்கையறையிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கட்டிலின் ஓரத்தில் நிற்கிறாள். ரோலரின் சங்கிலி அவள் கழுத்தில் மாலை மாதிரி கிடக்கிறது. “அம்மா, பாரு” என்று திரும்புகிறாள். ஒரு கால் கட்டிலின் விளிம்பில். நான் எப்படி அந்த அறையைத் தாண்டிப் போய் அவளைப் பிடித்தேன் என்று நினைவில்லை. சங்கிலியைக் கழற்றிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

புதிதாக வாங்கியபோது அந்தச் சங்கிலி, ஜன்னலோரச் சுவரில் திருகிய ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் விறைப்பாக நின்றது. தலை நுழையும் அளவுக்கு வளையமே விழாது. கழற்றி மாட்டியவர் அந்தக் கிளிப்பைத் திரும்பப் பொருத்தவே இல்லை. சுவரில் திருகாணி இருந்த இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. நானும் அதுவரை கவனிக்கவில்லை.

பிளைண்ட் கயிறும் சங்கிலியும் சின்னக் குழந்தைகளின் கழுத்தில் மாட்டி உயிர்ப்பலி வாங்கியிருக்கின்றன. சத்தம் எழுப்பக்கூட முடியாமல், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் ஈ.என். 13120 என்ற தரநிலையை 2014-இல் இன்னும் கடுமையாக்கியது இதற்காகத்தான். அமெரிக்காவில் கடையில் தயாராகக் கிடைக்கும் பிளைண்ட்கள் 2018 கடைசியிலிருந்தே தொங்கும் கயிறு இல்லாதவையாக, அல்லது குழந்தைக்கு எட்டாத கயிறு உள்ளவையாக இருக்க வேண்டும் என்று தரநிலை மாறிவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. கட்டிலையும் தொட்டிலையும் சோபாவையும் அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். நான் அன்றே கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிளிப்பைப் பற்றி, “அது எதுக்கு மேடம், சும்மா இடைஞ்சல், எல்லா வீட்லயும் கழட்டிருவேன்” என்றார். எல்லா வீட்டிலும் என்று அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஹெட் ரெயில் புதுசுதான் என்று சாதித்தார். நீலத் துளியைச் சொன்னதும் போன் துண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

நீங்கள் ஆள் கூப்பிடுவதாக இருந்தால், கழற்றும் முன் ஹெட் ரெயில், பூட்டு, கிளிப் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் படம் எடுத்து வையுங்கள். கண்ணில் படாத ஓரத்தில் பேனாவால் ஒரு சின்ன அடையாளம் போடுங்கள். எனக்குப் பெயின்ட் துளி தற்செயலாகக் கிடைத்தது. மாற்றிய பழைய பாகத்தை வேலை முடிந்ததும் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்போது தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். “மாடல் வர்றதில்ல” என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வெனீஷியன் பட்டை பெரும்பாலும் 25 மி.மீ. அல்லது 50 மி.மீ. அகலம், தொங்கு பட்டை போட்ட வெர்ட்டிகல் வகையென்றால் பெரும்பாலும் 89 அல்லது 127 மி.மீ. இந்த அளவுகளுக்கு உதிரிப் பாகம் தேடினால் கிடைக்கிறது. முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கிளிப் தனியாக வாங்கி, சங்கிலி தொங்காமல் விறைப்பாக நிற்கும் இடத்தில் நானே திருகிவிட்டேன். பழைய ஓட்டைகளில் பிடிப்பு இல்லை என்பதால் ஒரு விரற்கடை தள்ளிப் புதிதாகத் துளை போட்டேன். மகள் இன்னும் அந்த ஜன்னல் பக்கம் போய்ச் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். அது அசைவதில்லை.