துளிக்குள் பூ: ட்யூபா, ரிவர்ஸ் ரிங்கா, க்ளோஸ்அப் லென்ஸா?

அருகம்புல் நுனியில் ஒரு துளி, அந்தத் துளிக்குள் குட்டியாக ஒரு செம்பருத்தி. வீட்டு ஜன்னலோரம் இப்படி ஒரு படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கிப் படமெடுப்பதற்கென்றே செய்த லென்ஸ்) வாங்கியே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. கையிலிருக்கும் லென்ஸை வைத்தே எடுக்க எக்ஸ்டென்ஷன் ட்யூப், ரிவர்ஸ் ரிங், க்ளோஸ்அப் லென்ஸ் என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, எது அதிகம் பெரிதாக்கும் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. லென்ஸுக்கும் துளிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும் என்றுதான் பார்க்கிறேன்.

ஏனென்றால் துளி ஒரே நேரத்தில் லென்ஸாகவும் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் வேலை செய்கிறது. பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும், முன்னால் இருப்பதைத் தன்மேல் பிரதிபலிக்கும். கேமரா ரொம்ப நெருங்கினால் நிழல் விழும், லென்ஸின் கருவட்டமும் துளியில் தெரியும்.

அளவையும் பார்த்துவிடலாம். ஏபிஎஸ்-சி என்ற வகைக் கேமராவில், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர். ஒரு மடங்கில், அதாவது சென்சார் மேல் துளி அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுத்தால், 3 மில்லிமீட்டர் துளி படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். இரண்டு மடங்கு என்றால் நான்கில் ஒரு பங்கு. எனக்கு அதுவாவது வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெறும் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது. 12, 20, 36 மில்லிமீட்டர் மூன்றையும் அடுக்கி 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், மொத்த நீளம் 68-ஐ 50-ஆல் வகுத்துக் கிட்டத்தட்ட 1.36 மடங்கு. மின்தொடர்பு உள்ள ட்யூப் என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை, கேமராவிலிருந்தே மாற்றலாம். ஆனால் சென்சாருக்கு வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். துளிக்கு முன்னால் மிஞ்சும் இடமும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான்.

லென்ஸை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங்தான் மூன்றிலும் மலிவு. 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி மாட்டினால் ஏறக்குறைய ஒரு மடங்கு. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18-இல் வைத்துத் திருப்பினால் மூன்று மடங்குக்கு மேல் போகும். திருப்பிய லென்ஸுக்குக் கேமராவோடு மின்தொடர்பு இருக்காது; அதனால் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் இருந்தால் சுகம், இல்லாவிட்டால் திண்டாட்டம். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி வேறு வெளியே திறந்து கிடக்கும். ஒருமுறை துளிக்காக வைத்திருந்த கிளிசரின் அதில் தெறித்துத் துடைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

க்ளோஸ்அப் லென்ஸ் என்பது கையிலிருக்கும் லென்ஸின் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி மாதிரி. அதில், ஒற்றைக் கண்ணாடி கொண்ட மலிவான ஃபில்டர்களை விட்டுவிடுங்கள். ஓரமெல்லாம் ஊதா கசியும். நான் சொல்வது ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரியானதை. அதன் சக்தி 8 டயாப்டர் (மூக்குக்கண்ணாடியின் பவரைச் சொல்லும் அதே அலகு), அதாவது 125 மில்லிமீட்டர் குவியத் தூரம். 250 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸின் முன்னால் கிளிப் போலச் செருகி, ஃபோகஸைத் தொலைவில் வைத்தால் சரியாக இரண்டு மடங்கு. முன்னால் பன்னிரண்டு சென்டிமீட்டர் பக்கம் இடம் கிடைக்கும். பக்கவாட்டில் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஜன்னல் வெளிச்சத்தை மென்மையாக்க அது தாராளம். வெளிச்சமும் குறைவதில்லை. ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். துளிப் படத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அசைவு மட்டும் எல்லா வழியிலும் தொல்லை. இரண்டு மடங்கில், அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 8-இல் வைத்தால்கூட, தெளிவாகத் தெரியும் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட வராது. அதனால் ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், அப்புறம் ஃபேனை நிறுத்துவது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிளிசரினைத் தண்ணீரோடு கலந்து சிரிஞ்சால் வைத்தால் துளி சீக்கிரம் காயாது. பூவைப் பின்னால் தலைகீழாக நிறுத்துங்கள், துளிக்குள் நிமிர்ந்து நிற்கும். ஃபோகஸ் துளியின் விளிம்பில் அல்ல, உள்ளே தெரியும் பூவில் இருக்கட்டும்.

அசல் மேக்ரோ லென்ஸ்? பெரும்பாலானவை ஒரு மடங்கோடு நின்றுவிடும். தோட்டத்தில் தேனீ, வண்டு என்று துரத்தப் போகிறவர்கள் அதற்குப் பணம் சேர்க்கலாம்.