கௌட் வருத்தத்துக்கு அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்: வன்னியிலிருந்து ஒரு மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் பெருவிரல் அடியில் திடீரென்று வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி நோகிற அந்த கௌட் வருத்தம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், ஊசி போட்டு விடுகிற இடங்களைத் தேடி அலையாமல் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மெடிக்கல் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். என் அப்பாவை நான் அப்படித்தான் கூட்டிப் போய் வருகிறேன். வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை, அங்கே வேலை செய்பவர்களைக் கேட்காமல் போட எனக்கு விருப்பமில்லை. ஏ9 வீதியில் பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

அப்பா வயல் செய்கிறவர். இந்த நோ வந்து மாறி, வந்து மாறி, பல வருடமாக அவரோடு இருந்தது. ஊரில் எல்லோரும் வாதம் என்றார்கள், எண்ணெய் பூசினார்கள். டவுனில் ஒரு பார்மசியில் துண்டு கேட்காமலே டைக்குளோபினாக் குளிசை கட்டிக் கொடுப்பார்கள், போட்டால் நோ நிற்கும், அடுத்த நாள் வயலுக்குப் போவார். இதைத்தான் நான் பெரிய அநியாயம் என்கிறேன். அந்தக் குளிசை நோவைக் குறைக்கும், உண்மை. ஆனால் இந்த வருத்தத்துக்குக் காரணமான, இரத்தத்தில் சேரும் யூரிக் அசிட்டை ஒன்றும் செய்யாது, கண்டபாட்டுக்குப் போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் எத்தனை விவசாயிகளைப் பாதித்திருக்கிறது என்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இரத்தம் சோதிக்காமல் இந்தக் குளிசையை அள்ளிக் கொடுப்பதை எப்படி ஏற்பது?

கிளினிக்கில் முதலில் செய்த வேலையே யூரிக் அசிட்டோடு சேர்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்ததுதான். டொக்டர் வயது குறைந்த பிள்ளை, அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவா. "ஐயா, உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி கொதிச்ச கேத்திலுக்குள்ள அடியில வெள்ளையாப் படியுமெல்லோ, அது மாதிரித்தான் இது மூட்டுக்குள்ள படியிறது" என்று சொன்னா. அப்பாவுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. இரத்தத்தில் யூரிக் அசிட் ஒரு டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் கரைய இடமில்லாமல் ஊசி வடிவப் படிகங்களாக மூட்டில் சேரத் தொடங்கும், அவற்றை உடம்பு எதிர்க்கும்போதுதான் அந்த வீக்கமும் சூடும். அதனால் மருந்தின் இலக்கு 6க்குக் கீழே. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "6க்குக் கீழ்" என்று எழுதி அடியில் கோடு போட்டுத் தந்தா. அப்பா இப்போது ரிப்போட் வந்தால் என்னிடம் கேட்பது "இறங்கிட்டுதோ" என்றுதான்.

இன்னொன்றும் அங்கேதான் தெரியவந்தது. நோ உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அசிட் சோதித்தால் சில வேளை சாதாரண அளவாகவே காட்டும். முன்பு வேறு இடத்தில் அப்படி ஒரு ரிப்போட்டைப் பார்த்துவிட்டு உங்களுக்கு கௌட் இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். இங்கே நோ மாறி இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பச் சோதித்தார்கள், 9க்கு மேலே நின்றது.

அப்பாவின் குளிசைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லிப் பார்த்தா. பிரஷருக்குப் பல காலமாகப் போட்டு வந்த ஹைட்ரோகுளோரோதயசைட் யூரிக் அசிட்டைக் கூட்டக் கூடியது. நிபுணரிடம் கேட்டு அதை நிறுத்தி லோசாட்டனுக்கு மாற்றினார்கள், அது பிரஷரையும் பார்க்கும், யூரிக் அசிட்டையும் கொஞ்சம் இறக்கும். இதற்காகவே இந்த கிளினிக்குக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். தனித்தனி இடத்தில் தனித்தனி மருந்து எடுத்தால் இப்படி யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். (இதை வாசித்துவிட்டு உங்கள் பிரஷர் குளிசையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டொக்டரைக் கேளுங்கள்.)

அப்புறம் யூரிக் அசிட்டை இறக்குகிற அலோபியூரினோல் குளிசை. சின்ன அளவில் தொடங்கி, இரத்தம் சோதித்துச் சோதித்துக் கூட்டினார்கள். கஷ்டமான கட்டம் இதுதான், ஏனென்றால் தொடங்கின முதல் மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது நோ திரும்ப வரலாம், வந்தது. அக்கம்பக்கத்தார் உடனே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிப்பாட்டு என்றார்கள். நல்ல காலம், இப்படி வரும், வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லி, அதைத் தடுக்கக் கொல்கிசினும் குறைந்த அளவில் சேர்த்துத் தந்திருந்தா. நிறுத்த வேண்டிய ஒரே சந்தர்ப்பமாக அவ அழுத்திச் சொன்னது தோலில் தடிப்போ கொப்புளமோ, வாயில் புண்ணோ வந்தால்: அப்படியே குளிசையை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அண்ணா அப்பாவுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது என்று கண்டுகொண்டு, அலோபியூரினோல் உறையில் ஒரு வட்டமும் கொல்கிசின் உறையில் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தார். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை அது.

கொல்கிசின் பற்றி வன்னிக்காரர் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் வேலிகளிலும் காட்டோரங்களிலும் மழைக்குப் பூக்கிற கார்த்திகைப்பூச் செடியில் இருப்பதும் இதே கொல்கிசின்தான், கிழங்கில் நிறைய. அதைக் கேட்டுவிட்டு யாராவது கிழங்கை அவித்துக் குடிக்க நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும், இலங்கையில் அதைத் தின்று செத்தவர்கள் இருக்கிறார்கள். குளிசையிலேயே அளவு கூடினால் வயிற்றோட்டமும் வாந்தியும் வந்துவிடும். நோ தொடங்கின முதல் 12 மணித்தியாலத்துக்குள், டொக்டர் எழுதின அளவு மட்டும் போட்டால்தான் நல்ல பலன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர்க் கதை அப்பாவைப் பட்டினி போட்டிருந்தது. பருப்பு வேண்டாம், முருங்கைக்கீரை வேண்டாம், தக்காளி வேண்டாம், எல்லாம் வேண்டாம். டொக்டர் பருப்பையும் கீரையையும் திரும்பக் கொடுத்துவிட்டா, மரக்கறியில் இருக்கும் பியூரின் (உடம்பில் யூரிக் அசிட்டாக மாறும் பொருள்) கௌட்டைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்று. குறைக்கச் சொன்னது ஈரல், குடல், இரத்தவறை, சூடை, நெத்தலி, இறால், நண்டு, ஆட்டிறைச்சி. குளத்து ஜப்பான் மீன் அளவோடு சரி. குடிவகையில் பியர் மிக மோசம், சாராயமும் கள்ளும் தப்பாது. சீனி போட்ட சோடாவும் கூடாது. இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் யூரிக் அசிட் இறங்குவது 1 மில்லிகிராம் அளவுதான், அதனால் பத்தியத்தை நம்பிக் குளிசையை விடக் கூடாது என்றும் சொன்னா. சிறுபோக வெயிலில் வேலை செய்பவர் என்பதால் தண்ணீர்ப் போத்தலை வரம்பிலேயே வைத்துக் குடிக்கச் சொன்னது எனக்குப் பிடித்த ஆலோசனை.

குறைகளும் உண்டு. இலக்கம் எடுக்க விடிய முன்னமே போக வேண்டும், கதிரை காணாது, நோவோடு வந்த மனிசர் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. நொண்டி நொண்டி வருபவர்களுக்காவது தனி வரிசை வைக்கலாம். சில மாதங்களில் கொல்கிசின் இருக்காது, வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். யூரிக் அசிட் பரிசோதனையும் சில தடவை வெளி ஆய்வுகூடத்துக்குப் போனது, கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது பெரிய காசு. டொக்டர்மாருக்கு இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் கொப்பி ஒழுங்காக எழுதியிருந்தால் புதிதாக வருபவர் அதிலிருந்தே தொடர்கிறார். அதனால் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு நனையாமல் வைத்திருங்கள்.

இப்போது அப்பாவின் அளவு 6க்குக் கீழே நிற்கிறது, காலபோக விதைப்புக்கு நோவில்லாமல் இறங்கினார். குளிசையை இன்னும் போடுகிறார், நீண்ட காலம் போடத்தான் வேண்டும்.

முதல் தடவை போகிறவர்கள் பழைய ரிப்போட்டுகள், போடுகிற எல்லாக் குளிசை மட்டைகள், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் கொண்டு போங்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மூட்டுக்குள் கிருமி தொற்றியதாக இருக்கலாம், இரவென்றாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.