மஞ்சள் நிறத்தை நம்பி 110 டொலர் கொடுக்காதீர்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பிள்ளைகளோடு ஜியோகேஷிங் (ஒளித்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) போகத் தொடங்கியிருப்பவர்களும், அதற்கென்று குறைந்த விலையில் கையடக்க ஜிபிஎஸ் தேடுகிறவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். இந்த மாதம் நான் 110 டொலரைக் கொடுத்து ஏமாந்தேன். விற்றவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. ஏப்ரலில் மகனின் வகுப்புத் தோழன் வீட்டாரோடு போய் எங்கள் முதல் பெட்டியைக் கண்டெடுத்தோம். யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து அதன் ஆள்கூறுகளை, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போட்டிருப்பார். தேடிப் போய், உள்ளே இருக்கும் சின்னக் கொப்பியில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே இருந்து ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியில் இன்னொன்றை வைக்கவேண்டும். மகள் அன்று ஒரு பிளாஸ்டிக் தவளையை எடுத்துக்கொண்டு தன் கைச்சங்கிலியிலிருந்து ஒரு மணியைக் கழற்றி வைத்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையில் இருவரும் என்னை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் என் போனில்தான் தேடினோம். இடம் காட்டுவதில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரூஜ் ஆற்றங்கரையில் பிள்ளைகள் கையிலிருந்து இரண்டு தரம் விழுந்து, இரண்டாவது தரம் கண்ணாடி வெடித்தது. குளிர்காலத்தில் கையுறையோடு தொடுதிரையை அழுத்தவும் முடியாது, பற்றரியும் கெதியாக இறங்கிவிடும். அதனால் விழுந்தாலும் தாங்குகிற, இரண்டு ஏஏ பற்றரி போட்டால் நாள் முழுக்க ஓடுகிற ஒன்றைத் தேடினேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கார்மின் ஈட்ரெக்ஸ் 10, புதியது மாதிரி, ஜியோகேஷிங்குக்கு உகந்தது, 110 டொலர். படத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பளிச்சென்ற கருவி. அந்த மாடலைப் பற்றி வாசித்திருந்தேன். 2011இல் வந்தது, ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செய்மதிகளையும் பிடிக்கும், யூஎஸ்பி வயரால் கணினியில் இணைத்துப் பெட்டிகளின் விவரம், துப்பு எல்லாம் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு கோப்பிக்கடையின் வாகனத் தரிப்பிடத்தில் சந்தித்தோம். பொழுதுபடுகிற நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், தமிழ் ஆள். கருவி அவர் கையில் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்தது. திரையில் பூமியின் மேல் ஒரு மனித உருவம், கீழே பயணத்துக்குத் தயார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

"தங்கச்சி, பிள்ளையளுக்கு இது நல்லாக் காணும். என்ர பெடியளும் இதோடதான் திரிஞ்சவங்கள்" என்றார். பெட்டியைக் கேட்டேன். வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். வயர்? "அது சாதாரண யூஎஸ்பிதானே, எந்தக் கடையிலயும் வாங்கலாம்." தமிழில் கதைத்தது, தங்கச்சி என்றது, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தது எல்லாம் சேர்ந்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காசை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பின்பக்க ரப்பர் மூடியைத் திறந்தேன். யூஎஸ்பி துளை இருக்கவேண்டிய இடத்தில் நான்கு சின்ன உலோகப் புள்ளிகள். வீட்டில் இருந்த ஒரு வயரும் பொருந்தவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏதோ வேறு வகை வயர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஜூன் 15, சனிக்கிழமை. ருவின் ரிவர்ஸ் வீதிப் பக்கமாக மாஸ்ட் பாதையில் இறங்கினோம். ஆள்கூறுகளைக் கையால் ஏற்றலாம் என்று மகன் உட்கார்ந்தான். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாக உருட்டவேண்டும். பெட்டியின் குறியீடு ஜிசி என்று தொடங்கும் ஏழு எழுத்து. கருவியோ ஆறு எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. சரி, ஆறோடு விட்டுவிட்டு நடந்தோம். மேப்பிள் இலைகள் அடர்ந்த இடத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் செய்மதித் தொடர்பு அறுந்தது. திறந்த இடத்துக்கு வந்தால் பிடிக்கும், மரத்தடிக்குப் போனால் விடும். பெட்டி இருந்ததோ மரத்தடியில். மகள் ஒரு கட்டையில் இருந்து அழத் தொடங்கினாள். மகன்தான் கருவியின் மெனுப் பக்கத்தைக் காட்டிக் கேட்டான்: "அம்மா, ஏன் இதில் 2004 ஒக்ரோபர் 30 என்று இருக்கிறது?"

அதே பெட்டியைத் தேடி வயதான கனடியர் ஒருவர் வந்தார். எங்கள் கையில் இருந்ததைப் பார்த்தவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. தன் பையிலிருந்து உண்மையான ஈட்ரெக்ஸ் 10ஐ எடுத்து மகனின் உள்ளங்கையில் எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் மஞ்சள். ஆனால் அவருடையதில் முகப்பில், திரைக்கு மேலே வலதுபக்கம், பெருவிரலால் அசைக்கிற சின்னக் குமிழ் ஒன்று இருந்தது. எங்களுடையதில் முகப்பில் ஒன்றுமே இல்லை, பொத்தான்கள் எல்லாம் பக்கவாட்டில். எங்களிடம் இருந்தது முதன்முதல் ஈட்ரெக்ஸ், 2000ஆம் ஆண்டு வந்தது.

திகதிக்கும் அவரே காரணம் சொன்னார். ஜிபிஎஸ் செய்மதிகள் அனுப்பும் வார எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6இல். அதைச் சமாளிக்கும் மென்பொருள் இல்லாத பழைய கருவிகள் இடத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் திகதியில் 19 ஆண்டும் ஏழு மாதமும் பின்னுக்கு நிற்கும். முழு வாரங்களாகப் பின்னுக்குப் போவதால் கிழமை மட்டும் மாறாது. 2004 ஒக்ரோபர் 30ஆம் சனிக்கிழமைதான்.

அந்தப் பழைய கருவி கூடாத சாமான் இல்லை. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஒரெகனில் ஜியோகேஷிங்கின் முதல் பெட்டியை ஒளித்துவைத்தார். அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இந்த மஞ்சள் கருவியோடுதான் தேடியிருப்பார்கள். பத்து, பதினைந்து டொலருக்குப் பழைய மாடல் என்று சொல்லி விற்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பதினொரு ஆண்டு பிந்திய மாடலின் படத்தைப் போட்டு, அதன் பெயரையும் சொல்லி, யூஎஸ்பி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாரே, அதுதான் ஆத்திரம்.

அன்று மாலை அவருக்கு எழுதினேன். "ஜிபிஎஸ் வேலை செய்யுதுதானே?" என்று ஒரே ஒரு வரி வந்தது. பிறகு பதிலே இல்லை. நேரில் காசாகக் கொடுத்ததால் விளம்பரத் தளத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரம்டனில் இருக்கும் என் தங்கச்சிக்கு வேறு மாதிரி நடந்தது. ஒரு கடையில் சாவிக்கொத்து அளவில் ஒரு ஜிபிஎஸ்ஸை, ஜியோகேஷிங்குக்கு நல்லது என்று சொல்லி விற்றார்கள். காரை விட்ட இடத்தில் பொத்தானை அழுத்தினால் திரும்பிவர வழிகாட்டும். அவ்வளவுதான். நீங்கள் இதுவரை போகாத ஓர் இடத்தின் ஆள்கூறை அதற்குள் எழுதவே முடியாது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைக்கூடத் தேட முடியாது.

ஆகவே காசு கைமாறுவதற்கு முன், ஒரு பெட்டியின் ஆள்கூறை நீங்களே உங்கள் விரலால் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் ஏற்றிக் காட்டுவதை நம்பவேண்டாம். ரப்பர் மூடியைத் திறந்து நீங்கள் கொண்டுபோன வயரைச் செருகுங்கள். ஈட்ரெக்ஸ் 10க்கு மினி யூஎஸ்பி, இன்றைய போன் வயர் பொருந்தாது. திகதியைப் பாருங்கள். முடிந்தால் ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள். ஆள்கூறு எப்படித் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். ஜியோகேஷிங்கில் பாகையும் (டிகிரி), மூன்று தசமத்தோடு கலையும்தான் (மினிட்). 48.512 கலை என்பதை 48 கலை 51.2 விகலை (செக்கன்) என்று ஏற்றிவிட்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். முன்பு வைத்திருந்தவர் அமைப்பை மாற்றியிருக்கலாம்.

இன்னொரு விஷயம், உண்மையான ஈட்ரெக்ஸ் 10இலும் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அம்பு சரியாகக் காட்டும், நின்றால் தடுமாறும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்ஈ புதிதாகவே வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். வந்தபோது அமெரிக்க விலை 150 டொலர். வயரே வேண்டாம், போனிலிருந்து பெட்டிகளின் விவரம் இறங்கும். நான் அந்த 110 டொலரோடு இன்னும் காசு சேர்த்திருந்தால் பற்றுச்சீட்டோடு அதையே வாங்கியிருக்கலாம்.

இன்று காலை அதே படத்தோடு விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது. இந்தமுறை 120 டொலர். என்னிடம் விற்றது என் மேசையில்தான் கிடக்கிறது. அப்படியென்றால் அவரிடம் இன்னொன்று இருக்கிறது. யாராவது பார்க்கப் போனால் முகப்பில் அந்தக் குமிழ் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இல்லையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.