மனுவா, கேஸா?

ஆறு கறுத்தாலும் காடு போனாலும் நம்ம எஸ்டேட் டவுன் ஒட்டுக்கடையில் பேச்சு அரசுக்குக் கையெழுத்து மனுவா, கோர்ட்டில் கேஸா என்ற இந்த ரெண்டில்தான் வந்து நிற்கும்.

கேஸுக்கு புக்கிட் மேராவைப் பாருங்கள். ஈப்போ பக்கம் அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் 1985-ல் கோர்ட்டுக்குப் போனார்கள், 1992-ல் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார்கள், ஆனால் 1993-ல் மேல்முறையீட்டில் அது ரத்தாகிவிட்டது. ஆலை என்னவோ அடுத்த வருஷமே மூடியது, அது வேறு கதை. தோற்றால் எதிர்த்தரப்பு செலவும் நம் தலையில் விழலாம்.

மனுவுக்கு சிலாங்கூரின் வட கோல லங்காட் காடு. அதன் காப்பை நீக்கும் திட்டத்துக்கு 2020-ல் ஆட்சேபணை ஆயிரக்கணக்கில் குவிந்தும் 2021-ல் காட்டின் ஒரு பகுதியைக் காப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விஷயம் வெளியே வந்து, தெமுவான் பூர்வகுடியினரும் மற்றவர்களும் விடாமல் சத்தம் போட்டதும், செப்டம்பரில் மாநில அரசே முடிவைத் திரும்பப் பெற்றது.

நான் மனு பக்கம்தான், காசு குறைவு, பாட்டிகூட கையெழுத்துப் போடலாம். ஆனால் செம்பனை ஆலைக் கழிவென்றால் வெறும் கையெழுத்து போதாது: பழுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், செத்த மீன், எல்லாவற்றையும் தேதி, நேரம், இடத்தோடு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு கேஸ் என்று போனாலும் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.