கார்டியாமொபைல் 6எல்: படபடப்புக்கு நல்ல கருவி, ஆபத்தை எடைபோட அல்ல

படபடப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும், அங்கே எடுக்கும் இசிஜி சரியாகவே இருக்கும். அந்தக் குறையை, போனோடு சேர்ந்து வீட்டிலேயே இசிஜி எடுக்கும் அலைவ்கோர் நிறுவனத்தின் இந்தச் சின்னக் கருவி நன்றாகத் தீர்க்கிறது. அதற்காகத் தாராளமாக வாங்கலாம். மாரடைப்பிலிருந்து தேறியவருக்குத் திடீர் மரண ஆபத்து உண்டா என்று பார்ப்பதற்காக வாங்குவதென்றால், வேண்டாம்.

மேலே இரண்டு தகடுகள், அவற்றில் இரண்டு கட்டைவிரல்கள். அடித்தகடு இடது முழங்காலிலோ கணுக்காலின் உட்புறத்திலோ வெறும் தோலில் படவேண்டும். 30 விநாடி அசையாமல் இருந்தால் ஆறு லீட், அதாவது இதயத்தின் மின்னோட்டத்தை ஆறு கோணங்களில் காட்டும் கோடுகள், கிடைக்கும். கோடு நடுங்கினால் தோல் காய்ந்திருக்கும், அல்லது கையை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். விரலை ஈரத்துணியால் துடைத்து, கையைத் தொடைமேல் தளர்வாக வைத்து மறுபடி எடுங்கள். போன் சார்ஜரில் இருக்கக்கூடாது. இடவலம் மாற்றிப் பிடித்தால் முதல் லீட் தலைகீழாக விழும்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘நார்மல்’ என்ற முடிவுதான். துடிப்பு சீராக, நிமிடத்துக்கு 50 முதல் 100க்குள் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மாரடைப்பை இந்தக் கருவி கண்டுபிடிக்காது. வி1 முதல் வி6 வரையிலான மார்பு லீட்களே இதில் இல்லை என்பதால் வி1, வி2-இல் தெரியும் புருகடா மாற்றமும் (திடீர் மரணத்துக்குக் காரணமாகக்கூடிய ஒரு பரம்பரைக் கோளாறின் அடையாளம்) தப்பிவிடும்.

க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீண்டும் பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரத்தை, ஓரளவு பார்க்கலாம். பதிவின் பிடிஎஃப் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிவிநாடி. இரண்டாவது லீடில் க்யூ தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் வரை 11 கட்டம் என்றால் 440. துடிப்பு 75 ஆக இருந்தால் துடிப்பு வேகத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் பாசெட் முறைப்படி திருத்திய அளவு சுமார் 492 வரும். 500ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். அமியோடரோன், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளும் பொட்டாசியம் குறைவும் இதை நீட்டும். அளந்ததை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திடீர் மரண ஆபத்தைக் கணிக்க முதலில் பார்ப்பது எக்கோ ஸ்கேனில் வரும் இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம். மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள் கழித்தும், முறையான மருந்துக்குப் பிறகும் அது 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் ஐசிடி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் கருவி) பற்றிப் பேசுவார்கள். அடுத்தது ஹோல்டர், உடம்பில் மாட்டிக்கொண்டு தொடர்ந்து இசிஜி பதியும் கருவி. இதயத்தின் கீழறையிலிருந்து மூன்று துடிப்புகளோ அதற்கு மேலோ வேகமாகத் தொடர்ந்து வந்து, 30 விநாடிக்குள் தானே நிற்கும் ஓட்டத்தை 24 மணி நேரப் பதிவில் தேடுவார்கள். பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாமல் வந்துபோகும் அதை 30 விநாடிப் பதிவில் பிடிப்பது அதிர்ஷ்டம்தான்.

பேஸ்மேக்கர், ஐசிடி வைத்தவர்களுக்குத் தயாரிப்பாளரே இதைப் பரிந்துரைப்பதில்லை. மயங்கி விழுந்தவரின் விரலில் இதை வைத்து நேரத்தைக் கடத்தவே கூடாது. மூச்சுப் பேச்சில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

டாக்டருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், முழு பிடிஎஃப்பை அனுப்புங்கள். அந்த நேரத்தில் தலைசுற்றலா, நெஞ்சுவலியா, வெறும் படபடப்பா என்று ஒரு வரி சேர்த்தால் பதிவுக்கு இருமடங்கு பயன்.